72 பேருக்கு ஒரு நன்றி மடல்

பெயர் தெரியாத அந்த 72 பேருக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும்,



1998 ஜனவரிக்கும் 2004 டிசம்பருக்கும் இடையில், ஏ.பி.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோயோடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர்கள் நீங்கள். இன்று எந்தெந்த ஊரில் இருக்கிறீர்களோ, இந்த மடல் உங்கள் கண்ணில் படுமோ படாதோ, ஆனாலும் எழுதியாக வேண்டும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஒரு சைக்கிள் பயணத்துக்காக, சத்துவாச்சாரியில் நான் பயிற்சி எடுத்து வருகிறேன். எதற்காக மிதிக்கிறேன் என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் நீங்கள்தான்.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. சித்திரையில் எட்டு மணிக்கெல்லாம் தார் ரோடு அனல் கக்கத் தொடங்கிவிடும். கலெக்டர் ஆபீஸ் பக்கமிருந்து சர்வீஸ் ரோட்டிலேயே கிரீன் சர்க்கிள். அங்கிருந்து பெங்களூர் சாலையில் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர். இந்தப் பயிற்சியில் அவசரம் ஆகாது. தூரத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். கனமான கியரில் முக்கி மிதித்தால் முழங்கால் கெடும். லேசான கியரில் காலைச் சீராகச் சுழற்றப் பழக வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே போக வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் மூச்சுக்குத் தனிப் பாடம்.

காலையில் சைக்கிள் என்றால் மாலையில் வசூல். உண்மையில் கடினமான பயிற்சி அதுதான். சத்துவாச்சாரி ஃபேஸ் 2 பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டார்: “ஆராய்ச்சிக்கு எதுக்கு சார் பணம்? சி.எம்.சி. வாசல்ல மருந்துக்குக் காசில்லாம எத்தனை பேரு நிக்கிறாங்க. அவங்க கையில குடுத்தா புண்ணியமாவது உண்டு.” நியாயமான கேள்வி. சி.எம்.சி. இருக்கும் இடா ஸ்கடர் சாலையில், வங்காள மொழிப் பலகை மாட்டிய லாட்ஜுகளுக்கு முன்னால் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிற ஊர் இது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் போனபோதுதான் உங்களைக் கண்டேன்.

ஏ.பி.எல். நாள் கொடுக்காத நோய். ரத்தம் உறையும் தன்மை குலைந்து, கண்டுபிடித்த சில நாட்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிர் போகலாம். ரெட்டினாயிக் அமில மாத்திரையும் கீமோவும் சேர்ந்த சிகிச்சை அன்றும் இருந்தது. ஆனால் மருந்துச் செலவு, தொற்று வந்தால் அதற்கான செலவு, ரத்தம் ஏற்றும் செலவு என்று எல்லாம் சேர்ந்தால் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு எட்டாது. அந்த நிலையில்தான் சி.எம்.சி.யின் ரத்தநோய் மருத்துவர்கள் ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே பொருள். சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலேயே இதைக் கொண்டு ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்திருந்தார்கள்.

பாஷாணத்தை நரம்பு வழியாக ஏற்றப்போகிறோம் என்று கேட்டபோது உங்கள் வீட்டார் என்ன பாடுபட்டிருப்பார்கள்! உங்களில் நூற்றுக்கு 86 பேர் வீதம், அதாவது 62 பேருக்கு, நோயின் சுவடு ரத்தத்திலிருந்து மறைந்தது. மற்ற 10 பேர் அந்த நிலையை எட்டவில்லை. அவர்களின் குடும்பத்தாருக்கு என் நன்றியைச் சொல்லும்போது கை கூப்பித்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் துயரமும் அந்தக் கணக்கில் உண்மையாகப் பதிவாகி இருப்பதால்தான் உலகம் அந்தக் கணக்கை நம்பியது.

2006இல் அந்த முடிவுகள் ‘பிளட்’ ஆய்விதழில் வெளிவந்தன. ஆர்சனிக் மட்டுமே போதும் என்ற அளவுக்கு அது வேலை செய்தது என்பதையும், முதல் கட்டம் முடிந்தபின் நோயாளி வீட்டிலிருந்தே வந்துபோய்ச் சிகிச்சை பெறலாம் என்பதையும் வேலூர் காட்டியது. 2013இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள், ஆபத்து அதிகமில்லாத ஏ.பி.எல். நோயாளிகளுக்கு ஆர்சனிக்கும் ரெட்டினாயிக் அமிலமும் இருந்தால் கீமோ தேவையில்லை என்று நிறுவினார்கள். அந்த முடிவை நோக்கிய பாதையில் உங்கள் தடமும் இருக்கிறது.

இதைத்தான் அந்த மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். கையில் காசில்லாதவருக்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்வி, காசுள்ள நாட்டில் தானாக எழாது. அதை இங்கிருந்துதான் கேட்க வேண்டும். கேட்பதற்கான செலவையும் நாம்தான் கொடுக்க வேண்டும். தோல் தொழில் நடக்கும் எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. தோல் தூசு மூக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் ஷூ தொழிலாளர்களைக் கணக்கெடுத்ததால் 1970வாக்கில் தெரியவந்தது. ஆம்பூர் சாலையில் என்னைக் கடந்து போகும் ஷூ கம்பெனி பஸ்களில் இருக்கும் பெண்களைப் பற்றிய கேள்விகளை யார் கேட்பது?

சைக்கிளுக்கும் ஆராய்ச்சிக்கும் உறவு புதிதல்ல. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற அமெரிக்கர் 1980இல் 36 பேரோடு தொடங்கிய பயணம், பாஸ்டன் டானா-ஃபார்பர் மருத்துவமனைக்காக இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. அந்த மருத்துவமனையை நிறுவிய சிட்னி ஃபார்பர், 1947-48இல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்த அமினோப்டெரின் மருந்தை உருவாக்கித் தந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. நம் மண்ணின் அறிவு கடல் கடந்து போய்க் குழந்தைகளைக் காத்தது. உங்கள் காலத்திலோ அந்த அறிவு வேலூரிலேயே விளைந்தது.

மளிகைக் கடைக்காரர் பணம் தந்தார். ரசீதில் தன் பெயருக்குப் பதிலாக “72 பேர்” என்று எழுதச் சொன்னார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் உங்கள் கதையைத்தான் சொல்லி நிதி கேட்கிறேன். என் கால்வலியை உங்கள் வேதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. நீங்கள் செய்ததற்கு ஈடாக என்னால் செய்ய முடிவது ஒன்றுதான்: அடுத்த கேள்வியைக் கேட்க இந்த ஊருக்குப் பணம் சேர்ப்பது. பயணம் முடிந்த பிறகும் அதை விடமாட்டேன்.

நோயின் பிடியில் இருந்தபோதும், முகம் தெரியாத எங்களுக்கும் பயன்படும் ஒரு பதிலைத் தந்தீர்கள். மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து,
உங்களுக்குக் கடன்பட்ட ஒருவன்