கரண்டி மூக்கைத் தேடி ஒரு படகுப் பயணம்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் என்றதும் நினைவுக்கு வருவது அதன் நீண்ட மணல் கடற்கரைதான். ஆனால், குளிர்காலத்தில் இங்கு வரும் சிலர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. விடிந்தும் விடியாமலும் படகேறி, சோனாதியா தீவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் தேடிப்போவது கரண்டி மூக்கு உள்ளானை!

வேடந்தாங்கலில் பார்க்கும் கரண்டிவாயன் வேறு. அது பெரிய பறவை. இதுவோ சிட்டுக்குருவி அளவுதான். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு பறவைகளே மிச்சம்.

இந்தப் பயணத்துக்கு நேரம் குறிப்பது கடல்தான். நீர் வற்றினால்தான் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும், பறவைகள் இரை தேட இறங்கும். அதிகம் வற்றிவிட்டாலோ படகு தரைதட்டிவிடும். அதனால், அலையாத்திக் காடுகளைக் கடந்து, திட்டுக்குச் சற்றுத் தள்ளியே படகை நிறுத்துகிறார்கள். பிறகு சேற்றில் இறங்கி நடக்க வேண்டும்.

அங்கே கூட்டம் கூட்டமாகக் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேய்ந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் எல்லாமே சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி மூக்கும் சாதாரண மூக்காகத்தான் தெரியும். நேருக்கு நேர் திரும்பினால்தான் அடையாளம் பிடிபடும். தலையைக் குனிந்து, மூக்கை இடமும் வலமுமாக ஆட்டி இரை தேடும் பறவை கண்ணில் பட்டால், டெலஸ்கோப்பை அங்கேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோட்கா பகுதியில் குஞ்சு பொரிக்கும் பறவை இது. சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து தெற்கே வருகிறது. வழியில் இறங்கி இளைப்பாறும் சீன, கொரியக் கரைகளில் சேற்றுவெளிகள் பெருமளவு மண் கொட்டி மேடாக்கப்பட்டுவிட்டன. தப்பி வந்து சேர்ந்தால், இங்கே வலை காத்திருந்தது.

சோனாதியா மக்கள் சாப்பாட்டுக்காகவும் விற்பதற்காகவும் கரைப்பறவைகளைப் பிடித்துவந்தார்கள். கரண்டி மூக்கு உள்ளானை யாரும் குறிவைக்கவில்லை. மற்ற பறவைகளோடு அதுவும் சிக்கியது. இளம்பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் தெற்கிலேயே தங்கிவிடும். அதனால், முட்டையிடும் வயது வருவதற்குள்ளேயே பல மாட்டிக்கொண்டன.

'பிடிக்காதே' என்று சொன்னால் மட்டும் அடுப்பு எரியுமா? 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறவை ஆர்வலர்கள் வேட்டைக்காரர்களிடம் பேசி, மீன்பிடித்தல், சிறு கடை எனப் பிழைக்க வேறு வழி செய்துகொடுத்தார்கள். வேட்டையை விட்டவர்களில் சிலர் இப்போது பறவைகளுக்குக் காவலாக நிற்கிறார்கள். இந்தத் தீவில் திட்டமிடப்பட்டிருந்த ஆழ்கடல் துறைமுகமும் 2020-ல் கைவிடப்பட்டது.

கடல் நீர் ஏறத் தொடங்கியதும் படகுக்குத் திரும்பிவிட வேண்டும். பல நாள்கள் பறவையைப் பார்க்காமலேயே திரும்புவதும் உண்டு. அப்படித் திரும்புகிறவர்கள் கரையில் இறங்கும்போது படகுக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வத்தும்?"