பை சுமந்தவர்களின் பாதை

சென்னைப் பட்டணத்துக்குக் கிழக்கே சமுத்திரம். ஆகையால் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறவர்களுக்கு மற்ற மூன்று திசைகள்தான் பாக்கி. அவற்றுள் மேற்குத் திசையில் ரயிலேறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வருகின்றன. பஸ்ஸில் ஏறினாலோ பூந்தமல்லி. பெங்களூர், மைசூர், கோயமுத்தூர், பூனா ஆகிய எந்த ஊருக்கு ரயிலில் புறப்பட்டாலும் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தேயாக வேண்டும்.

இந்த வழியே போகும் பிரயாணிகளில் எத்தனையோ வகை உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரையும் நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஒரு நீண்ட பையை வைத்துக்கொண்டு, அதைப் பெஞ்சிக்குக் கீழே தள்ளவும் முடியாமல் மேலே ஏற்றவும் முடியாமல் திண்டாடும் ஒரு மனிதரை என்றாவது கவனித்ததுண்டா? "ஸார், அது என்ன வாத்தியம்?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். அது வாத்தியமல்ல. அதற்குள் இருப்பவை கோல்ப் ஆட்டத்துக்குரிய மட்டைகள். பதினான்குக்கு மேல் இருக்கக் கூடாதென்பது ஆட்டத்தின் சட்டம். அந்தப் பைதான் அவருடைய கடை, கழனி, காரியாலயம் எல்லாம்.

கோல்ப் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே சித்திரம்தான் மனதில் தோன்றும். வெள்ளைத் தொப்பி, பச்சைப் புல்தரை, மோட்டாரில் வந்திறங்கும் கனவான், பின்னால் பை தூக்கிக்கொண்டு நடக்கும் பையன். சித்திரம் பொய்யல்ல. கல்கத்தாவில் 1829-ஆம் வருஷத்திலேயே கோல்ப் கிளப் ஏற்பட்டுவிட்டது. பெங்களூரில் 1876-இல் வந்தது. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவே ஜிம்கானா கிளப்பார் ஆடினார்கள்; நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பார் ஒரு தரையை அமைத்துக்கொண்டார்கள். துரைத்தனத்தார் ஆண்ட நாளில் பந்தை அடித்தவர்கள் பெரும்பாலும் துரைமார்கள். பையைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். இவர்களுக்கு ஆங்கிலத்திலுள்ள பெயர் நம் காதில் போலீஸ் புஸ்தகத்திலுள்ள 'கேடி' என்பதைப் போல ஒலிப்பது ஒரு துரதிர்ஷ்டம். நாம் பைக்காரர் என்றே சொல்வோம்.

ஆனால் சித்திரத்தில் ஒரு பாதிதான் நமக்குத் தெரியும். பின்னால் நடந்த பையன் என்ன ஆனான் என்பது மற்றப் பாதி.

இப்பொழுது அம்பத்தூரில் சற்று இறங்கிப் பார்க்கலாம். 1949-ஆம் வருஷத்தில் சைக்கிள் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, 1960-களில் தொழிற்பேட்டையும் எழுந்த ஊர் இது. பல ஆயிரம் குடும்பங்கள் இங்குள்ள இயந்திரங்களை நம்பி வாழ்ந்து வந்திருக்கின்றன. தொழிலாளியின் வேலை கஷ்டமானதுதான். ஆனால் அவனுடைய கணக்கு எளிது. இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் சம்பளம். ஒரு நாள் கை சற்றுத் தடுமாறி ஒரு திருகாணி கோணலாகப் போனதற்காக மாதச் சம்பளம் முழுவதையும் யாரும் பிடித்துக்கொள்வதில்லை.

நம்முடைய கோல்ப் தொழிலாளியின் கணக்கு வேறு. இந்தியாவில் தொழிலாகக் கோல்ப் ஆடுகிறவர்களுக்கென்று 2006-இல் ஒரு போட்டிச் சுற்று ஏற்பட்டது. ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும். அதில் சேருவதற்கே ஒரு தேர்வு ஆட்டம் ஆடித் தேற வேண்டும். தேறினால், ஒவ்வொரு போட்டியும் பொதுவாக நான்கு நாள். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் கணக்குப் பார்த்து, ஏறக்குறைய முதல் ஐம்பது பேரையும் அவர்களோடு சமமாக நிற்பவர்களையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு விடை கொடுத்துவிடுவார்கள். விடை பெற்றவர்களுக்குப் பரிசுப் பணத்தில் ஒரு காசும் கிடையாது. மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் என்றால் முதலில் வந்தவருக்கு 15 லட்சம் கிடைக்கும். கீழே இறங்க இறங்கத் தொகை வேகமாகச் சுருங்கும்.

செலவோ சுருங்குவதில்லை. ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, போட்டிக்குக் கட்டும் பணம் இவை போதாதென்று, பை தூக்க ஓர் ஆளும் வேண்டும். நேற்று வரையில் பை தூக்கியவர் இன்று வேறொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது! அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கச் சிலர் தம்பியையோ சிநேகிதனையோ அழைத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டாம் நாள் மாலை, கடைசிக் குழி. பந்து குழியிலிருந்து மூன்றடி தூரத்தில் கிடக்கிறது. உள்ளே விழுந்தால் இன்னும் இரண்டு நாள் ஆட்டமும், ஏதோ ஒரு தொகையும் நிச்சயம். விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே போய்விட்டால் அன்றிரவே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். குழந்தைகூடத் தள்ளிவிடக் கூடிய தூரம் என்று வேடிக்கை பார்ப்பவர் நினைப்பார். ஆனால் அந்த மூன்றடிக்குள் வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் அடங்கியிருக்கின்றன என்பது அடிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். கை நடுங்காமல் அடிப்பதற்குத்தான் அவர் வருஷக் கணக்கில் பழகுகிறார்.

அடுத்தது ஆவடி. இன்று பீரங்கி வண்டித் தொழிற்சாலையினால் பெயர் பெற்ற ஊர். 1955 ஜனவரியில் இங்கேதான் காங்கிரஸ் மகாசபை கூடி, நாட்டில் சோஷலிஸ்ட் மாதிரியான சமுதாயம் அமைய வேண்டுமென்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானம் செய்தவர்கள் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டார்கள். ஆயினும், எவ்விதத் தீர்மானமும் இல்லாமலே அந்த மைதானங்களில் மெள்ள மெள்ள ஒரு மாறுதல் நடந்து வந்தது.

இந்தியாவின் தேசியக் கோல்ப் பட்டமான 'இந்தியன் ஓப்பன்' 1964-இல் ஆரம்பமாயிற்று. முதலில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்ஸன். மறு வருஷம் நம் நாட்டுப் பி. ஜி. ஸேதி வென்றார், அவர் தொழிலாக ஆடியவரல்லர். அதன் பிறகு இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் பட்டம் அந்நியர்களிடமே இருந்தது. 1991-இல் அதை மீட்டுக் கொண்டுவந்தவர் அலி ஷேர். டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்தவர்! இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 1993-இல் மறுபடியும் வென்று, அது குருட்டு அதிர்ஷ்டமல்லவென்று காட்டினார். 2016, 2017 ஆகிய இரண்டு வருஷங்களிலும் வென்ற சௌராஸியா, கல்கத்தா ராயல் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் குமாரர்.

இனிப் பூந்தமல்லிக்கு வருவோம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஸ்தலம் இது. நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, இந்தப் பாதையிலே காஞ்சிபுரம் சென்று வரதராஜனுக்குச் சமர்ப்பித்தவர்; பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். வேத அத்தியயனம் செய்த குலத்தில் பிறந்தவரல்லர். ஆயினும் ராமானுஜர் தம் மனத்திலிருந்த சந்தேகங்களுக்கு விடை வேண்டி அவரிடம்தான் சென்றார் என்று வைஷ்ணவ வரலாறு கூறுகிறது. கைங்கரியம் செய்கிறவன் அருகிலேயே நிற்கிறான். அருகில் நிற்கிறவனுக்கு மற்றவர்கள் அறியாதது தெரிகிறது. தெய்வ காரியத்தையும் பந்தாட்டத்தையும் சமமாக வைப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பைக்காரர்களின் விஷயத்திலும் நடந்தது இதுதான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஈரப் புல்லில் பந்து எவ்வளவு ஓடும், எந்த மட்டையை எப்பொழுது எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் சுமந்தவர்கள் சுமந்தபடியே கற்றுக்கொண்டார்கள்.

பூந்தமல்லிச் சாலை போய்ச் சேரும் பெங்களூரிலேயே இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. அங்கே பை சுமந்து வளர்ந்தவர் சின்னசாமி முனியப்பா. 2009-ஆம் வருஷம் டில்லிக்கு அருகே குர்காவூனில் நடந்த இந்தியன் ஓப்பனில், தென் கொரியாவின் லீ சுங்கும் அவரும் சமமாக நின்றார்கள். மேற்கொண்டு ஆடிய ஒரே குழியில் முனியப்பா வென்றார். பரிசு சுமார் 1,98,000 டாலர். அந்தப் பணத்தைவிடப் பெரிதான ஒரு காரியம் அன்று நடந்தது. நாடெங்குமுள்ள பைக்காரர்களின் குடிசைகளில், "நம்மாலும் முடியும்" என்ற வார்த்தைக்கு ஓர் உருவம் கிடைத்தது.

ஆனால் முனியப்பாக்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. ஒருவர் வெல்லும் வாரத்தில் மற்ற நூற்றுச் சொச்சம் பேர் வெல்வதில்லை. கடல் கடந்து இலங்கையிலிருந்து தங்கராஜா, பிரபாகரன் போன்றவர்கள் வந்து நம் சுற்றில் ஆடுகிறார்கள். தங்கராஜா பட்டங்களும் பெற்றிருக்கிறார். பெயர் பத்திரிகையில் வராமலே வருஷக் கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்களோ அநேகம். இவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையைச் சுமந்த காலத்தில் கூலியாவது நிச்சயமாயிருந்தது. அந்த நிச்சயத்தை விட்டுவிட்டு, தங்கள் கைத்திறனை நம்பித் துணிந்து புறப்பட்டவர்கள் இவர்கள்.

பல கிளப்புகளில் வாரத்துக்கு ஒரு நாள், சாதாரணமாகத் திங்கட்கிழமை, அங்கத்தினர்கள் ஆடாத சமயத்தில் பைக்காரர்கள் ஆடிக்கொள்ள அனுமதி உண்டு. நம் தேசத்துக்குப் பட்டங்கள் வாங்கித் தந்த கைகளில் பலவும் இப்படிக் கிடைத்த நேரத்தில் பழகியவைதான். வாரம் ஒரு நாளில் இவ்வளவு விளைந்திருக்கிறது. கிளப்புகளை நடத்தும் கனவான்கள் அதை இரண்டு நாளாக்கினால் அவர்களுக்கு அதிக நஷ்டமில்லை. முதல் இரண்டு நாளில் விடை பெறுகிறவர்களுக்கும் ரயில் சத்தமாவது கிடைக்கும்படி போட்டி நடத்துகிறவர்கள் செய்தால், நாளைக்கு வரவேண்டிய ஒரு முனியப்பா பணமில்லாத ஒரே காரணத்தால் பாதி வழியில் திரும்பிவிடமாட்டார்.

மற்றபடி அவர்கள் நம்மிடம் கேட்பது அதிகமில்லை. அடுத்த தடவை மேற்கே போகும் ரயிலில் அந்த நீண்ட பையைக் கண்டால், நேயர்கள் காலைச் சற்று மடக்கிக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டால் போதும்.