ராமேஸ்வரம்: இறாலும் எல்லைக்கோடும்

அக்னி தீர்த்தத்தில் பக்தர்கள் மூழ்கி எழுகிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முந்தைய நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரையேறுகின்றன. ஒரு பக்கம் புண்ணியம், மறுபக்கம் பிழைப்பு. இரண்டுமே இந்த ஊருக்குக் கடல் தந்தவை.

படகிலிருந்து முதலில் இறங்குவது இறால். வியாபாரிகளின் கண் அதன்மீதுதான். பிறகு நண்டு, கணவாய், நகரை, காரல். கடைசியாக வருவது ஒரு குவியல்: விரலளவு குஞ்சு மீன்கள், உடைந்த சிப்பிகள், கடல்தாழை. இதற்கு 'சங்காயம்' என்று பெயர். யாரும் உண்பதில்லை; காயவைத்து மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள். நாளை வளர்ந்து வலைக்கு வரவேண்டிய மீன், இன்றே கிலோக் கணக்கில் போய்விடுகிறது.

காரணம் இழுவைமடி. கடலின் அடித்தரையை உரசிக்கொண்டு போகும் இந்த வலை, எதிர்ப்படும் அனைத்தையும் வாரி வருகிறது. 1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தில் தொடங்கிய இயந்திரப்படகுத் திட்டமும், அதன்பின் வெளிநாடுகளில் இறாலுக்குக் கிடைத்த விலையும் இந்த முறையைத் தென்னகக் கரையெங்கும் பரப்பின. பாக் நீரிணையை ஒட்டிய கடல் பெரும்பாலும் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. இறால் வளர வாகான இடம். வலை இழுக்கவும் வாகான இடம்.

நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டபோது மோதல் மூண்டது. அதன் விளைவுதான் இன்றும் நடக்கும் ஏற்பாடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. 1983இல் வந்த தமிழகச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதித்தது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் தடைக்காலம். 2017 முதல் அது 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை துறைமுகத்தில் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. படகு கூலியாட்களின் வீடுகளில் கடன் வளர்கிறது.

கரையோரம் மீன் குறைந்தால் படகு எங்கே போகும்? கிழக்கே. அங்கேதான் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடும் கச்சத்தீவும். 1976இல் மீன்பிடி உரிமையும் வரையறுக்கப்பட்டது. ஆனாலும் ஈழப்போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு மாகாண மீனவர் கடலுக்கு இறங்க முடியாததால், அந்தப் பரப்பு ராமேஸ்வரத்துப் படகுகளின் வழக்கமான களமாகிப்போனது. 2009இல் போர் ஓய்ந்தது. யாழ்ப்பாணத்து மீனவர் மீண்டும் வலை வீசினர். இரவில் வந்த இழுவைமடி அதை அறுத்துப் போனது. அவரும் தமிழர், இவரும் தமிழர். 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது. மறு ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் உயர்த்தியது. பிடிபட்ட தமிழகப் படகுகள் மயிலிட்டித் துறையில் மக்கிக் கிடக்கின்றன. அவற்றில் போனவர்கள் சிறையிலிருந்து திரும்பி, வேறொருவரின் படகில் கூலிக்கு ஏறுகிறார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. இழுவைமடியைக் கைவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்க, 80 லட்ச ரூபாய் மதிப்பிலான படகுக்கு 70 சதவீத மானியம் தரும் திட்டம் 2017இல் தொடங்கியது. மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை. ஒரே இரவில் திரும்பிப் பழகியவருக்குப் பல நாள் பயணம் புதிது. மீதிப் பணத்தைப் புரட்டுவதும், புதிய தொழிலைக் கற்பதும் எளிதல்ல. வியாபாரியிடம் வாங்கிய முன்பணமோ இறாலைத்தான் கேட்கிறது.

பேச்சுவார்த்தைகளில் எல்லைக்கோடு பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கடல் ஏன் மீன் தரவில்லை என்ற கேள்விக்கான பதில், ஒவ்வொரு விடியலிலும் ராமேஸ்வரம் துறைமுகத்தில் குவியலாக இறங்குகிறது. அதற்கு ஏலம்கூட இல்லை.