நம் நீள வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. கோதன்பர்க்கில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள், கார்களின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கே யாரும் தூவ வேண்டியதில்லை, பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்றே போதும். பழைய போட்டோவில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பா டிக்கி விளிம்பில் உட்கார்ந்திருப்பாரே, அந்த வெள்ளை வண்டி என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். இன்னும் ஓடுகிறது.

அது டாடா எஸ்டேட். லாரி செய்துகொண்டிருந்த டாடாவின் டெல்கோ கம்பெனி 1991-இல் சியராவையும் 1992-இல் இதையும் இறக்கியது. இண்டிகா வருவதற்கு ஆறு வருடம் முன்னால். 1954 முதல் 1969 வரை பென்ஸ்காரர்களோடு கூட்டாக லாரி செய்தவர்கள். அதனாலோ என்னவோ, பின்பக்கத்தில் பென்ஸ் சாயல் அடிக்கும். பவர் விண்டோ எல்லாம் உண்டு. ஆனால் அடியில் இருப்பது பிக்கப் வண்டியின் சேஸ். காராக நினைத்து வாங்கியவர்களுக்கு அது குறை, எங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது.

94 மாடல் ஒன்றை 2001-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நம் ஊர் பசியாவரத்துக்கு அப்போது படகுதான், வண்டி பழவேற்காட்டில் நிற்கும். ஏரியில் வலை போட எங்கள் முறை வரும் இரவு, விழுந்த இறாலைப் படகில் அக்கரை சேர்த்து, பின் சீட்டை மடக்கி ஐஸ் பெட்டிகளை அடுக்கி, விடிவதற்குள் காசிமேடு மீன் சந்தைக்குப் போய்விடுவோம்.

வண்டியைத் தின்றது அந்தப் பெட்டிகள்தான். ஐஸ் உருகி, இறாலின் உப்போடு சேர்ந்து கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் தகடு அப்பளமாக இருக்கும். பின்சக்கரத்தின் பக்கம் ஒரு நாள் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. விரலை எடுத்தால் தரை தெரிகிறது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. ஊரெல்லாம் பைபர் படகு வந்துவிட்டது, எல்லார் வீட்டிலும் பைபர் மேட்டும் ரெசினும் கிடக்கும். படகு ஒட்டுகிற கைக்கு இது எம்மாத்திரம் என்று மேட்டை வெட்டி ரெசின் பூசி மூடிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒட்டு தட்டு மாதிரி முழுசாகக் கழன்று வந்தது, சுற்றியிருந்த தகட்டையும் துருவாக இழுத்துக்கொண்டு. துருவை எடுக்காமல் மேலே மூடினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது சும்மா இருக்காது. நல்ல தகடு வருகிற வரைக்கும் அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்து, பொன்னேரியில் வெல்டிங் போட்டேன். தேய்த்ததும் பிரைமர் அடித்ததும் வீட்டில்தான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கதவுகளின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுவேன். மண் அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். அப்புறம் அடிப்பாகத்துக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறானே என்று உன் பாட்டி கடைசிவரை திட்டினாள்.

எஞ்சினைப் பற்றிக் கவலையே இல்லை. 1948 சிசி டீசல், பெயர் 483: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 83 மில்லிமீட்டர் விட்டம். அதே எஞ்சினைத்தான் சுமோவிலும் போட்டார்கள், அதனால் சாமான் கிடைக்கிறது. டீசலைத் தீரவிடக் கூடாது, அவ்வளவுதான். தீர்ந்தால் லைனில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். நுரை நிற்கிற வரைக்கும் கைப் பம்பை அழுத்தி அழுத்திக் காற்றெடுக்க வேண்டும். பின்விளக்குக் கண்ணாடிக்குத்தான் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்தேன். பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ராடு போய்ப் பத்து வருடமாகிறது. படகு தள்ளும் கழியை அளவாக அறுத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. போன தடவை கட்டும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கட்டிவிட்டேன்.

டிசம்பரில் வந்தால் நீதான் ஓட்ட வேண்டும். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் அடித்துவிடாதே. சுருள் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அது அணையட்டும். பின்கதவைத் திறக்குமுன் கழி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா
பசியாவரம்