கட்டுத்தரை வாசம்

அம்மாயி வீட்டுக் கட்டுத்தரைக்கென்று ஒரு வாசம் உண்டு. ஊறிய பருத்திக்கொட்டையும் புண்ணாக்குத் தண்ணியும் சாணமும், மாடுகள் கடித்துப் போட்ட ஈரச் சோளத்தட்டும் சேர்ந்து, வெயில் ஏற ஏற லேசாகப் புளிப்படிக்கும். முழுப்பரீட்சை லீவுக்குப் போய் இறங்கியதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு முதலில் அங்கேதான் ஓடுவேன். வேப்பமரத்தடியில் இரண்டு மயிலை எருதுகள், ஒரு கிழட்டுப் பசு, அது போட்ட செவலைக் கன்னு. காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதம் போல் ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அது தெரியாமல், அதற்கு முந்தின கன்றை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒரு லீவு முழுக்கத் தேம்பியிருக்கிறேன்.

அந்த வருஷம் எருதுகளுக்கு லாடம் கட்ட ஆள் வந்தார். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு, ஆக எட்டு லாடம். சாக்கை விரித்து உளி, சுத்தியல், ஆணி என்று அவர் எடுத்துவைக்கும் சத்தத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கயிறு போட்டு வலத்து எருதைச் சாய்த்தார்கள். அத்தனை பெரிய உடம்பு தொப்பென்று விழுந்தபோது மண் அதிர்ந்தது. நாலு காலையும் சேர்த்துக் கட்டியதும் அது ஒரு மாதிரி அடித்தொண்டையில் முக்கியது. கிடந்தவாக்கிலேயே மூத்திரம் விட்டது.

இடத்து எருதை முன்கூட்டியே வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து அதற்கு எதுவும் தெரியாது, நடுவில் ஒரு முழுச் சுவர். ஆனாலும் தட்டு மெல்லுவதை நிறுத்திவிட்டது. காது இரண்டும் விறைத்து நிற்க, மூக்கை விரித்து விரித்துக் காற்றை இழுத்துக்கொண்டு, கயிறு எட்டும் தூரம் வரை பின்னால் போய் நின்றது.

கன்றைப் பிடித்துக்கொண்டு கிணத்து மேட்டில் நிற்பது என் வேலை. அது பாட்டுக்குப் புல்லைக் கரண்டிக்கொண்டிருந்தது. சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றுக்கும் என் தோள் தூக்கிப் போட, கயிற்றை இறுக்கி இறுக்கிப் பிடித்தேன் போலிருக்கிறது. கன்று நிமிர்ந்து ஒருமுறை என் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது.

அம்மாயி திட்டவில்லை. விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அது உன்னையத்தான் பாத்துட்டு இருந்துச்சு கண்ணு. நீ வெடவெடன்னு நின்னா அது பாவம் என்ன பண்ணும்? கவுத்துலயே எறங்கீரும் சாமி, பயம்."

பொழுது சாய லாடக்காரர் போனபின், எருது கிடந்த இடத்து ஈரமண்ணை மம்முட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினாள். வெட்டிய இடத்தில் புதுச் செம்மண்ணைப் போட்டு மேலே அடுப்புச் சாம்பலைத் தூவினாள். எதற்கு என்று கேட்டதற்கு, "அந்த வாசம் இருக்கற வரைக்கும் மத்தது ஒண்ணும் அங்க வாய் வெக்காது" என்றாள். அதற்குமேல் விளக்கமில்லை. வேலை கிடந்தது அவளுக்கு.

வெகுகாலம் கழித்து ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோது அந்த மம்முட்டிச் சத்தம் காதில் கேட்டது. 1998-ல் வெளிவந்தது, பிரான்சில் செய்தது. மிரண்ட மாடுகளின் மூத்திர வாசம் இருந்த இடத்தில் கிடேரிகள் தீவனத்துக்கு வரவும், பழகாத பொருளை மோந்து பார்க்கவும் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டன. தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் 1938-லேயே மீன்களிடம் இதுபோல ஒன்றைக் கண்டிருக்கிறார்: காயம்பட்ட மீனின் தோலிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஏதோ ஒன்று, கூட்டத்தையே சிதறி ஓடவைக்கிறது. இதையெல்லாம் அம்மாயிக்குப் படித்துக் காட்ட முடியாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

லாடம் கட்டிய அன்று ராத்திரி கன்றை வழக்கமான முளைக்குச்சியில் கட்டாமல் கிழட்டுப் பசுவின் விலாவை ஒட்டிக் கட்டினாள். பசு அசைபோட்டுக்கொண்டே இருந்தது; எத்தனை லாடம், எத்தனை சந்தை பார்த்த மாடு அது. அம்மாயி அதன் அலைதாடியைச் சொறிந்தபடி நின்றாள், நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரிக்கேன் வெளிச்சத்தில் கன்றின் தோல் நெடுநேரம் சுளுக்குச் சுளுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. பசுவின் மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து, தட்டை ஒன்றைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்டது.

"வா, சோறுங்கலாம்" என்றாள் அம்மாயி.