நிற்காத நுரை

ஞாயிறு

புது ஷேவிங் கிரீமை இன்று திறந்தேன். சந்தன வாசனை, கூடவே கொஞ்சம் கற்பூரம். கடையில் மூடியைத் திறந்து முகர்ந்தபோதே பிடித்துப்போயிற்று. வெந்நீரில் முகம் கழுவி, பிரஷ்ஷில் சுண்டுவிரல் நுனி அளவு பிதுக்கிக் குவளையில் குழைத்தேன். நுரை மளமளவென்று பொங்கியது. ஆனால் வலது கன்னத்தை மழித்துவிட்டு இடப்பக்கம் வருவதற்குள், அங்கே பூசியிருந்த நுரை வற்றி வெள்ளைத் தீற்றலாகக் காய்ந்து கிடந்தது. மறுபடி பூசித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்

இன்று தண்ணீரைக் குறைத்துக் குழைத்தேன். நுரை பசைபோல் ஒட்டி ரேஸரை அடைத்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்ததும் பெரிய பெரிய குமிழிகளாகி உடைந்தது. இரண்டுக்கும் நடுவே நல்ல பதம் ஒன்று எந்தக் கிரீமிலும் இருக்கும். இதில் அது அகப்படவில்லை.

நான் பிடிப்பது இரட்டை முனை பிளேடு போடும் பழைய ரேஸர். கில்லெட் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரேஸரின் வழிவந்தது. பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்ந்து ஓட வேண்டும், அழுத்தவே கூடாது. அப்படி ஓடுவதற்கு வழுவழுப்பும் ஈரமும் வேண்டும். காய்ந்த தாடிமயிர் முரடு. இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் பருத்து மென்மையாகி, பாதிப் பலத்திலேயே அறுபடும். அந்த ஈரத்தை முகத்தில் பிடித்துவைப்பதுதான் நுரையின் வேலை. வாசனையும் வெண்மையும் அதற்குப் பிறகுதான்.

வியாழன்

சவரம் முடித்துப் படிகாரம் தடவினேன். தாடைக்குக் கீழே, கழுத்து நெடுக, சுரீரென்றது. பிளேடு எங்கெல்லாம் தோலைச் சுரண்டியதோ அங்கெல்லாம் எரியும். சலூன்காரர்கள் காலங்காலமாகப் படிகாரக் கல் வைத்திருப்பதன் அருமை அப்போது தெரியும். பழைய கிரீமில் எனக்கு இந்த எரிச்சல் இருந்ததே இல்லை. பிளேடும் அதேதான், கையும் அதேதான்.

சனி

தண்ணீரைச் சந்தேகித்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். குழாயெல்லாம் உப்பு படிந்திருக்கும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, கரையாத திரிதிரியான படிவாகிவிடும். அந்த அளவுக்கு நுரைக்குப் போக வேண்டிய சோப்பு வீண். கேன் தண்ணீரைச் சுடவைத்துக் குழைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகப் பொங்கியது, அவ்வளவுதான். பிறகு பழைய கிரீமைப் போர் தண்ணீரிலேயே குழைத்துக் குவளையில் விட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தபோதும் தயிராட்டம் கெட்டியாக நின்றது.

திங்கள், கோவை

அக்கா வீட்டுக்கு வரும்போது ட்யூபையும் எடுத்து வந்தேன். சிறுவாணித் தண்ணீரில் சோப்பைத் தொட்டாலே நுரைக்கும். இங்கேயும் பழைய கதைதான்: பொங்கியது, பரவியது, வற்றியது. இனித் தண்ணீரைக் குறை சொல்ல இடமில்லை.

மத்தியானம் ட்யூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். அதிகமுள்ள பொருளை முதலில் போட்டு இறங்குவரிசையில் அச்சிடுவது வழக்கம். நல்ல கிரீமில் தண்ணீருக்கு அடுத்து ஸ்டியரிக் அமிலம் வரும். கெட்டியான, நிலைத்து நிற்கும் நுரையைத் தருவது அது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சீக்கிரம் பொங்க வைக்கும். ஆனால் பெரிய குமிழி, அற்ப ஆயுசு. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இந்த ட்யூபில் தேங்காய்க் கொழுப்பு அமிலம் முன்னே நிற்கிறது, ஸ்டியரிக் பின்னே. கிளிசரினோ வாசனைப் பொருளுக்கும் அடியில். கடையில் மூடியைத் திறந்ததும் மயக்குவதற்கென்றே செய்த சரக்கு. தினமும் முகத்தில் பிளேடு வைக்கிறவனை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. அதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

புதன்

பழைய கிரீமுக்கே திரும்பிவிட்டேன். கழுத்து எரிச்சல் இல்லை.

புதுக் கிரீம் வாங்குகிறவர்கள் முதலில் சின்ன ட்யூபாக வாங்குங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே குழைத்து, குவளையில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அதற்குள் நுரை படுத்துவிட்டால் அந்தக் கிரீம் முகத்துக்கு ஆகாது.