வாசலில் நிற்பவர்களுக்குச் செய்தி

மே 11, 2021

நேற்று அதிகாலை முதல் மாநிலமெங்கும் முழு ஊரடங்கு. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரியும் என் சிநேகிதரான டாக்டர், கொரோனா வார்டில் இருப்பவர்களின் நிலைமையை அவர்களுடைய உறவினருக்கு நாள்தோறும் தெரிவிக்க ஒரு வெப் அப்ளிகேஷன் அமைத்துத் தர முடியுமா என்று காலையில் கேட்டார். பிற்பகல் போய்ப் பார்த்தேன். தாயையோ கணவனையோ ஸ்டிரெச்சரில் உள்ளே அனுப்பிவிட்டு, படுக்கை எண்ணை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய கட்டைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மைக்கில் எந்தப் பெயர் ஒலிக்குமோ என்று ஏங்கி, அது தம் பெயராக இருந்தாலும் அச்சம், இல்லாவிட்டாலும் அச்சம் என்ற அவஸ்தையில் வேப்ப மரத்தடியில் நின்றிருந்த ஜனங்களைப் பார்த்தபின், மறுக்கும் எண்ணமே எனக்கு எழவில்லை. கையிலிருந்த மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டேன்.

மே 13

அஸ்திவாரம் போட்டாயிற்று. டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், மற்றதற்கு ஜாங்கோ. போனில் இறக்கி நிறுவவேண்டிய செயலி வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தோம். பக்கத்து வீட்டாரின் போனை இரவல் வாங்கி வந்திருப்பவரும் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கக்கூடிய சாதாரண வெப் பக்கமே போதும். எஸ்.எம்.எஸ்.ஸில் நோயாளியின் பெயரோ வியாதியின் பெயரோ இராது. பக்கத்துக்குரிய லிங்க் மாத்திரம் இருக்கும். ஒருவருடைய உடல்நிலை அவருக்கும் அவரைச் சேர்ந்தவருக்கும் உரிய அந்தரங்கம். இரவல் போனில் அது எல்லாருடைய கண்ணிலும் படலாகாது.

மே 14

எஸ்.எம்.எஸ். விஷயம் இன்று முழுப் பொழுதையும் விழுங்கியது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழுக்கு 70 தான். அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். தொல்லை தரும் விளம்பரச் செய்திகளைத் தடுப்பதற்கென்று வந்த டி.எல்.டி. விதிப்படி, வாசகத்தை டெம்ப்ளேட்டாக முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். இடையில் மாறக்கூடிய ஒவ்வொரு பகுதிக்கும் 30 எழுத்தே வரம்பு. விதியின் நோக்கம் நியாயமானதே. ஆயினும், லிங்க் மாத்திரம் என்று தீர்மானித்திராவிட்டால், ஒரு மனிதன் மூச்சுக்குப் போராடும் நிலையை முப்பது எழுத்தில் எப்படி அடக்கியிருப்போம் என்ற விசாரம் படுத்த பிறகும் விடவில்லை.

மே 16

முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது! மகிழ்ச்சி தாங்கவில்லை.

மே 17

பாதிச் செய்திகள் உறவினருக்குப் போகவேயில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது நோயாளியின் சொந்த எண். போன் வார்டுக்குள்ளே, அவர் தலையணைக்கடியில்.

மே 18

உடனிருப்பவரின் எண்ணைத் தனியே கேட்டு வாங்கச் சேர்க்கை மேஜையில் ஏற்பாடாகியிருக்கிறது. அங்கே நின்றிருந்தபோது ஓர் அம்மாள் தம் போனை என்னிடம் நீட்டினார். லிங்கில் திறந்த பக்கத்தில் 'நிலையாக உள்ளார். ஆக்ஸிஜன் 92' என்றிருந்தது.

"ஏனுங் தம்பி, தொண்ணூத்திரண்டுன்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

94-க்குக் கீழே போனால் கவனம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முகமூடி வழியாக ஆக்ஸிஜன் பெறுகிறவருக்கு அந்த 92 எதைக் குறிக்கிறது என்று சொல்ல நான் வைத்தியனல்லன். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "அது கெடக்கட்டுமுங். அவரு சாப்பிட்டாருங்களா?" என்று கேட்டார்.

மாலையில் ஹெட் நர்ஸிடம் இதைச் சொன்னேன். கவச உடையைக் கழற்றி வந்து, வேர்வையில் ஊறிச் சுருங்கிய விரல்களைத் துடைத்துக்கொண்டே, "சாப்பாடு, தூக்கம், பேச்சு, இந்த மூணையும் பட்டனா வெச்சுக் குடுத்துருங்க தம்பி. ரெண்டு கையுறையைப் போட்டுக்கிட்டு டைப் அடிக்க முடியாது" என்றார். இரவே சேர்த்துவிட்டேன்.

மே 21

மாநிலத்தில் இன்று மட்டும் 36,184 பேருக்குத் தொற்று.

மே 23

'காலமானார்' என்பதற்கும் ஒரு பட்டன் வைத்தால் பதிவு பூர்த்தியாகும் என்று அலுவலகத்தில் ஓர் அபிப்பிராயம். டாக்டர் கண்டிப்பாக மறுத்தார். துக்கச் செய்தியை எவ்வாறு சொல்வது என்பதற்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஒரு முறை உண்டாம். புற்றுநோய் மருத்துவத்துக்கென்று 2000-ல் ஆறு படிகளாக வெளியானது. தனிமையான இடத்தில் அமர்த்துவது, எதிரிலிருப்பவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று விசாரிப்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, அதன் பின்பே விஷயத்தைச் சொல்வது, அவர் அழுதால் அழவிட்டு உடனிருப்பது, கடைசியில் மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்து யோசிப்பது. இவற்றுள் எதைத் திரை செய்யும்? ஆகவே, வார்டில் மரணம் பதிவானதும் அந்தக் குடும்பத்துக்குரிய தானியங்கிச் செய்திகள் நின்றுவிடும். டாக்டரின் திரையில், அவர் நேரில் பேசி முடிக்கும்வரை அழியாத ஓர் அழைப்புக் குறிப்பு தோன்றும். இன்று எழுதிய நிரல் சில வரிகளே. அவற்றை எழுதக் கை நடுங்கியது.

மே 24

இன்று முதல் மளிகைக் கடைகளும் அடைப்பு. சர்வர் ஓடுகிறது.

மே 28

மாலை ஆறு மணிச் செய்தி நேற்று ஒரு குடும்பத்துக்குப் போகவில்லை. நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றிய நேரமும் நர்ஸ்கள் பணி மாறும் நேரமும் ஒன்றாக அமைந்ததுதான் காரணம். அவர் சௌக்கியமாகவே இருக்கிறார். ஆனால் மூத்த மகன் விடியுமுன்பே மாலையும் கையுமாக வந்துவிட்டான். செய்தி நின்றால் ஆள் போய்விட்டார் என்று வாசலில் நிற்பவர்கள் தமக்குள் பேசி முடிவுசெய்துவிட்டார்களாம்.

'செய்தி தாமதம்' என்று தானாகப் போகும் ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம். டாக்டரின் அழைப்புக்குக் காத்திருக்கும் வீட்டுக்கும் அதுவே போனால், அறிந்தே மறைத்த பழி நம்மைச் சேரும். போகாவிட்டால், அதுவே துக்கத்துக்கு அடையாளமாகும். எப்படி மாற்றி எழுதினாலும் இந்தச் சிக்கல் அவிழவில்லை.

ஜூன் 2

லிங்கைத் திறந்தவர்களில் பலர் அடுத்த நிமிஷமே மருத்துவமனைக்குப் போன் செய்கிறார்கள். செய்தி போதாமையால் அல்ல. செய்தி கிடைத்ததால்தான் கேட்கத் தோன்றுகிறது. பகலில் ஹெட் நர்ஸ் பதில் சொல்கிறார். இரவில் மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஒவ்வொரு செய்தியின் கீழும் பதில் சொல்லக்கூடிய ஒரு நர்ஸின் பெயரும், அவரை அழைக்கத்தக்க நேரமும் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. இரவுப் பணிக்கு இதுவரை யாரும் நியமிக்கப்படவில்லை.